கார்கோ விமானத்துக்கு எஃப்.சி. பார்ப்பது யார்?

எங்கள் திருவிடைமருதூர் பக்கம் 'கார்கோ' என்ற வார்த்தைக்கு யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள். தெருவுக்கு நாலு வீட்டிலாவது ஒருவர் துபாயிலோ சவுதியிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். 'அவங்க வீட்டுக்குக் கார்கோ வந்திருக்காம்' என்றால் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, மார்க்கர் பேனாவால் பெரிய எழுத்தில் பேரும் ஊரும் எழுதிய அட்டைப்பெட்டி வந்திருக்கிறது என்று பொருள். உள்ளே பால் பவுடர், கம்பளி, கோடாலித் தைலம், சோப்பு, பிள்ளைகளுக்கு மிட்டாய். அதே வார்த்தையைக் குரலைத் தாழ்த்திச் சொன்னால் பொருள் வேறு. அங்கே இறந்துபோன யாரோ ஒருவரின் உடல் திருச்சி ஏர்போர்ட்டுக்கு வருகிறது. அதுவும் எடை போட்டு, சீட்டு ஒட்டி, சரக்குக் கணக்கில்தான் வரும்.

இரண்டு விஷயத்திலும் நாம் கேட்கிற கேள்விகள் ஒன்றுதான். கிலோவுக்கு எவ்வளவு? எத்தனை நாளில் வரும்? எந்த விமானம், அது எத்தனை வருடம் பழசு, யார் ஓட்டுகிறார்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நாமே ஏறிப் போகும் விமானம் என்றால் பேராவது பார்ப்போம். பெட்டிதானே போகிறது!

இதை நான் யோசிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் என் தம்பி. 2006-ல் ஷார்ஜாவுக்குப் போனான். அப்பா தவறியபின் இருந்த அரைக் காணி நிலத்தை ஒத்திக்கு வைத்து, அம்மாவின் நகையை வங்கியில் வைத்து ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டினோம். விமான நிலையத்தில் வேலை என்றதும் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். போனபிறகுதான் தெரிந்தது, சரக்கு ஏற்றும் லோடர் வேலை. வெயிலில் தகரம் மாதிரி கொதிக்கும் விமானத்தின் வயிற்றுக்குள் போய், பலகை பலகையாகச் சாமானை அடுக்கி, வலை போட்டு, பட்டையால் இழுத்துக் கட்ட வேண்டும்.

நான் ரவிக்கை தைக்கிறவள். பக்கத்தில் திருபுவனம் என்பதால் பட்டுப்புடவைக்குக் குறைவில்லை, எனக்கு ஜாக்கெட்டுக்கும் குறைவில்லை. ராத்திரி மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவன் போன் வரும். பேச்சு முழுக்க விமானம்தான்.

"அக்கா, இன்னிக்கு ஒண்ணு வந்துச்சு. வால்ல ஒரு நாட்டுக் கொடி. பைலட்டு வேற நாடு. முதலாளி மூணாவது நாட்டுக்காரனாம். சாமான் போறது நாலாவது நாட்டுக்கு."

"அதெப்படிடா?"

"அப்படித்தான். போன மாசம் அதே விமானத்துக்கு வேற பேரு, வேற கொடி. கதவுல இருந்த கீறல வச்சு நான் கண்டுபிடிச்சேன்."

அந்தக் காலத்தில் ஷார்ஜா அப்படிப்பட்ட விமானங்களுக்குப் பேர் போன இடம். சோவியத் யூனியன் உடைந்தபிறகு அங்கிருந்த இல்யூஷின், அன்டோனோவ் சரக்கு விமானங்கள் மலிவாகக் கைமாறின. பயணிகளைச் சுமந்து ஓய்ந்த பழைய போயிங்குகளும் சரக்குக்கு வந்தன. அமீரகத்தில் சாமான் மலிவு. ஆப்பிரிக்காவிலும் ஆப்கானிஸ்தானிலும் ரோடு சரியில்லை, தேவை அதிகம். நடுவில் பறக்க விமானம் இருந்தால் போதும். சோதனை கெடுபிடி இல்லாத ஏதாவது ஒரு நாட்டில் பதிவு செய்துகொண்டு உலகம் முழுக்கப் பறந்தார்கள்.

2009 அக்டோபர் 21. பிற்பகல் மூன்றரை மணி வாக்கில் ஷார்ஜாவிலிருந்து சூடான் தலைநகர் கார்ட்டூமுக்குக் கிளம்பிய போயிங் 707 சரக்கு விமானம், மேலே ஏறிய கொஞ்ச நேரத்திலேயே வலப்பக்கம் சாய்ந்து, விமான நிலையத்தை அடுத்த வெற்று நிலத்தில் விழுந்து எரிந்தது. ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேருமே போய்விட்டார்கள். விமானம் சூடானின் அஸ்ஸா டிரான்ஸ்போர்ட் நிறுவனத்துடையது, சூடான் ஏர்வேஸுக்காகப் பறந்தது. ஏறக்குறைய 40 வயதான விமானம்.

அது என் தம்பியின் கம்பெனி ஏற்றிய விமானம் இல்லை. ஆனால் அவன் அன்றைக்கு ஷிப்டில் இருந்தான். கரும்புகையைப் பார்த்துக்கொண்டே, அடுத்த விமானத்துக்குப் பலகை தள்ளியிருக்கிறான். அன்று ராத்திரி போனில் அழவில்லை. "ஓடுபாதையில தகரம் கிடந்துச்சாம்க்கா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அந்தத் தகரம்தான் பிறகு விசாரணையின் மையமாக ஆனது. விமானத்தின் நான்காவது இன்ஜினை மூடியிருந்த தகடுகள் ஓட்டத்திலேயே கழன்று விழுந்திருக்கின்றன. விழும்போது, இன்ஜின் எவ்வளவு விசையுடன் இயங்குகிறது என்பதை விமானி அறைக்குக் காட்டும் கருவியின் மெல்லிய குழாயும் பிடுங்கிக்கொண்டது. முள் சட்டென்று இறங்கியதும், இன்ஜின் சக்தி இழந்துவிட்டது என்று விமானிகள் நினைத்துவிட்டார்கள். அவர்கள் அதற்கென்று எடுத்த நடவடிக்கையே விமானத்தைச் சாய்த்துவிட்டது. பராமரிப்பில் விட்ட குறையும், விமானிகள் நிலைமையைக் கையாண்ட விதமும் காரணங்கள் என்று அமீரகத்தின் விமானப் போக்குவரத்து ஆணையம் அறிக்கை எழுதியது. ஒரு மூடியின் கொக்கியைச் சரியாகப் பார்த்திருந்தால் ஆறு பேர் கார்ட்டூமில் இறங்கி வீட்டுக்குப் போயிருப்பார்கள். எனக்கு ஜாக்கெட் கொக்கி ஒன்று சரியாக நிற்காவிட்டாலே அன்று தூக்கம் வராது.

விபத்துக்குப் பிறகு அந்த நிறுவனம் அமீரகத்தில் பறக்கத் தடை வந்தது. 2010 மார்ச் கடைசியில் ஐரோப்பிய யூனியன் இன்னும் ஒரு படி போய், சூடானில் பதிவான எல்லா விமான நிறுவனங்களுக்குமே தடை போட்டது. ஒரு விமானத்தின் குற்றத்துக்கு நாட்டின் எல்லா விமானங்களுக்கும் தண்டனையா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவர்கள் தண்டித்தது விமானங்களை மட்டும் இல்லை. அந்த விமானங்களைச் சோதித்துச் சான்று கொடுக்க வேண்டிய அந்த நாட்டு அதிகாரிகள்மீது நம்பிக்கை இல்லை என்றுதான் சொன்னார்கள்.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குட்டியானை ஓட்டுகிறார், அதாவது டாடா ஏஸ். நெல் மூட்டை, வாழைத்தார், கல்யாணத்துக்குப் பாத்திரம், எது கிடைத்தாலும் ஏற்றுவார். எஃப்.சி. வரும் மாதம் எங்கள் வீட்டில் பேச்சே இருக்காது. பெயின்ட், பிரேக், விளக்கு, ஒளிரும் ஸ்டிக்கர், டயர் என்று கையிலிருந்த காசு கரையும். எஃப்.சி. காட்டுகிற அன்றைக்கு மட்டும் நல்ல டயரை வாடகைக்கு வாங்கி மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் பழைய டயரோடு ஓட்டுகிற ஆட்களும் லைனில் உண்டு. இது லாரி, வேன் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

இங்கே எஃப்.சி. வாங்கிய வண்டி கேரளாவுக்குப் போனால் அங்கே மறுபடி எஃப்.சி. கேட்க மாட்டார்கள். விமானத்துக்கும் அதே கதைதான். 1944-ல் சிகாகோவில் பல நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தப்படி, ஒரு நாடு தன் விமானத்துக்குக் கொடுக்கும் தகுதிச் சான்றை மற்ற நாடுகள் மதிக்க வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்தச் சான்று பொதுவாக ஒப்புக்கொண்ட குறைந்தபட்சத் தரத்துக்குக் கீழே போகக் கூடாது. அந்த நம்பிக்கையில்தான் உலகமே பறக்கிறது. சான்று கொடுக்கும் ஆபீஸில் ஆளும் இல்லை, அக்கறையும் இல்லை என்றால்? அப்போது வந்து இறங்குகிற ஊர்க்காரன்தான் 'உன் சீட்டை நான் நம்ப மாட்டேன்' என்று சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு விமானங்களுக்குத் தடை என்று செய்தியில் வருவதன் அர்த்தம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

வாடகை டயர் கதை விமானத்திலும் உண்டு. 1996 ஜனவரி 8. ஆப்பிரிக்காவில் அப்போது ஜயர் என்று பெயர் கொண்டிருந்த காங்கோவின் தலைநகர் கின்ஷாசா. அன்டோனோவ்-32 சரக்கு விமானம் ஒன்று மேலே ஏற முடியாமல் ஓடுபாதையைத் தாண்டி நேராகச் சந்தைக்குள் பாய்ந்தது. காய்கறி வாங்க வந்தவர்களும் விற்க உட்கார்ந்திருந்தவர்களுமாக 200 பேருக்கு மேல் இறந்தார்கள். இன்னொரு நிறுவனத்தின் அனுமதிக் காகிதத்தைக் கடன் வாங்கிப் பறந்ததாக விமானிகள் பிறகு ஒப்புக்கொண்டார்கள். இதைத் தம்பி சொல்லிக் கேட்டபோது எனக்கு எங்கள் ஊர்ச் சந்தைதான் கண்முன் வந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட அந்த விமானத்தில் ஏற டிக்கெட் எடுத்தவர் இல்லை.

ஐரோப்பாவின் தடைப் பட்டியலும் சாவுக்குப் பின்னால்தான் வந்தது. 2004 ஜனவரி 3-ம் தேதி எகிப்தின் ஃபிளாஷ் ஏர்லைன்ஸ் விமானம் கடலில் விழுந்து 148 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிரெஞ்சு சுற்றுலாப் பயணிகள். அதற்கப்புறம்தான் ஒரு விஷயம் வெளியே வந்தது. சுவிட்சர்லாந்து 2002-லேயே அந்த நிறுவனத்துக்குத் தடை போட்டிருந்தது. பக்கத்து நாடான பிரான்ஸின் பயணிகளுக்கு அது தெரியாது. ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று பொதுப் பட்டியல் கொண்டுவந்தார்கள். 2006 மார்ச்சில் வந்த முதல் பட்டியலில் 92 நிறுவனங்கள். ருவாண்டாவின் சில்வர்பேக் கார்கோ ஃபிரெய்ட்டர்ஸ் மாதிரி சரக்கு மட்டுமே ஏற்றுகிறவையும் அதில் இருந்தன.

நம் நாட்டுக் கதையும் இதேதான். 1996 நவம்பர் 12 மாலை. டெல்லியிலிருந்து கிளம்பிய சவுதி அரேபிய விமானமும், டெல்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் விமானமும் ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே நடுவானில் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வந்தது இல்யூஷின்-76, சரக்குக்காகக் கட்டப்பட்ட ரகம். டெல்லியில் துணி வாங்கிப் போய் விற்க வந்த கிர்கிஸ்தான் சிறு வியாபாரிகள் அதில் இருந்தார்கள். போனதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வளைகுடாவுக்கு வேலைக்குப் புறப்பட்ட நம் ஆட்கள். ஒத்தியும் நகையும் வைத்துக் கிளம்பியவர்கள் அதில் எத்தனை பேரோ!

கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. அது அதற்குக் கீழே இறங்கி, சவுதி விமானம் இருந்த 14,000 அடிக்கு வந்துவிட்டது. நீதிபதி லஹோட்டி தலைமையிலான விசாரணை ஆணையம் கஜகஸ்தான் விமானிகள் பக்கம்தான் தவறு என்றது. ஆங்கிலத்தில் சொன்ன உத்தரவு அவர்களுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் நம் பக்கமும் நிறைவாக இல்லை. வருகிற விமானமும் போகிற விமானமும் ஒரே வழியில்தான் போய்வந்தன. விமானம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று திரையில் காட்டும் ரேடார் அப்போது டெல்லியில் பயன்பாட்டில் இல்லை. அதற்குப் பிறகு, எதிரே வரும் விமானத்தைப் பற்றி எச்சரிக்கும் கருவி இல்லாமல் இந்தியாவுக்குள் வரவோ வெளியே போகவோ கூடாது என்று நம் டி.ஜி.சி.ஏ. கட்டாயமாக்கியது. கருவி மாட்டாத வெளிநாட்டு விமானத்துக்கு அதுவும் ஒரு தடைதானே?

கும்பகோணம் எங்களுக்குப் பக்கம். 2004 ஜூலை 16-ம் தேதி பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகளைக் கொடுத்தபிறகுதான் வகுப்பறைக்கு மேல் கீற்றுக் கூரை கூடாது என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஆகவே 'தடை' என்ற சொல்லைக் கேட்டால், அதற்கு முன்னால் எத்தனை பேர் போனார்கள் என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் தடையால் அடிபடுகிறவர்களும் இருக்கிறார்கள். என் தம்பி அப்படி அடிபட்டவன். 2010-ல் கெடுபிடி கூடக் கூட, அவன் கம்பெனிக்கு வந்துகொண்டிருந்த பழைய விமானங்கள் ஒன்றொன்றாக நின்றன. முதலில் ஓவர்டைம் போனது. பிறகு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. கடைசியில் பாக்கியை முழுசாகத் தராமலே டிக்கெட் மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒத்தி மீளாத நிலம், வங்கியில் நகை, கல்யாணம் ஆகாத தங்கை. அன்று வீட்டில் ஒரே சண்டை.

என் வீட்டுக்காரர் கொதித்தார். "ஏன் மாப்ள, பணக்கார நாட்டுக்காரன் புது விமானம் வச்சிருக்கான், ஏழை நாட்டுக்காரன் பழசை வச்சிப் பொழைக்கிறான். அதையும் நிறுத்துன்னா எப்படி? நம்ம வயித்துலதான அடிக்கிறான்."

"பழசு தப்பில்ல மச்சான்" என்றான் தம்பி. "பார்த்துக்கிட்டா நாப்பது வருசமும் ஓடும். பார்க்காததுதான் தப்பு. உங்களுக்கு ஏதாவதுன்னா வண்டிய ஓரங்கட்டலாம். அங்க ஓரம் எங்க இருக்கு?"

வேலை போனவன் தடைக்குப் பரிந்து பேசுகிறான், போகாதவர் எதிர்த்துப் பேசுகிறார். நான் தம்பி பக்கம். ஆனாலும் வீட்டுக்காரர் சொன்னதில் இருந்த நியாயத்தை ஒதுக்க முடியவில்லை. ஐரோப்பியப் பட்டியலைப் பார்த்தால் நிறைய ஆப்பிரிக்கப் பெயர்கள். அங்குள்ள விமான நிறுவனங்கள் இதைப் பாரபட்சம் என்று பல காலமாகச் சொல்லி வருகின்றன. பெரிய நாட்டுச் சரக்கு விமானங்கள் விழாமலும் இல்லை. 2010 செப்டம்பர் 3-ல் அமெரிக்காவின் யு.பி.எஸ். ஜம்போ துபாயில் விழுந்து இரண்டு விமானிகள் இறந்தார்கள். லித்தியம் பேட்டரி இருந்த சரக்கில் பிடித்த தீ அது. 2013 ஏப்ரல் 29-ல் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் இன்னொரு அமெரிக்க ஜம்போ. ராணுவ வண்டிகளைக் கட்டிய பட்டை அறுந்து, வண்டி பின்னால் உருண்டு, விமானம் செங்குத்தாக நின்று விழுந்தது. ஏழு பேர். அந்த வீடியோவைத் தம்பி ஒரே ஒரு தடவைதான் பார்த்தான். "கட்டினவன் என்னை மாதிரி ஒருத்தன்தான்க்கா" என்றான்.

வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அங்கே விழுந்தால் ஏன் விழுந்தது என்று பிரித்துப் பார்த்து, பட்டை எத்தனை போட வேண்டும் என்பதுவரை எழுதி, விதியை மாற்றுகிறார்கள். அதைச் செய்ய ஆள் இருக்கிறது. ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கே ஒருமுறை காட்டினார்கள். 2014 ஜனவரியில் அமெரிக்க விமானத் துறை இந்தியாவை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. முக்கியக் குறை, நம் டி.ஜி.சி.ஏ.வில் போதுமான முழுநேர ஆய்வாளர்கள் இல்லை என்பது. ஏர் இந்தியாவும் ஜெட் ஏர்வேஸும் அமெரிக்காவுக்குப் புதிதாக ஒரு சேவைகூடத் தொடங்க முடியாது. ரோஷம் வந்தது, கூடவே ஆய்வாளர் பணியிடங்களும் வந்தன. 2015 ஏப்ரலில் பழைய தரம் திரும்பக் கிடைத்தது. அந்த அவமானம் நமக்கு நல்லதைத்தான் செய்தது என்பது என் எண்ணம்.

தடையில் எனக்கிருக்கும் குறை வேறு. ஐரோப்பாவில் கூடாது என்ற விமானம் உடைத்துப் பழைய இரும்புக்குப் போவதில்லை. யாரும் கேட்காத இடத்துக்குப் போய்ப் பறக்கிறது. கேட்கிற ஊரில் இருப்பவர் தலை தப்பிக்கும், கேட்காத ஊரின் சந்தைக்கு அது போகும். தடையோடு, அந்த நாட்டு அதிகாரிகளுக்குச் சோதனை செய்யக் கற்றுக்கொடுக்கும் வேலையும் நடந்தால்தான் முழுமை. அப்படி உதவிபெற்றுப் பட்டியலிலிருந்து வெளியே வந்த நாடுகளும் உண்டு.

தம்பி திரும்பப் போகவில்லை. தங்கைக்குக் கல்யாணம் நடந்தது, நிலம் போய்விட்டது. இப்போது வாழை இலையும் காய்கறியும் கட்டி, திருச்சி வழியாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களிடம் பேக்கிங் மேற்பார்வை பார்க்கிறான். பயணிகள் விமானத்தின் வயிற்றில் போகிற சரக்கு. பெட்டியைக் கட்டியதும் பட்டையை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை.

போன மாதம் எதிர்வீட்டுப் பையனுக்கு வளைகுடாவில் விமான நிலையச் சரக்குக் கிடங்கில் வேலை என்று விசா வந்தது. அவனும் அவன் அம்மாவும் தம்பியைப் பார்க்க வந்தார்கள். தம்பி அரை மணி நேரம் பேசினான். காதுக்கு அடைப்பான் போடாமல் ராம்ப்பில் இறங்காதே. அறுந்த வலை, நைந்த பட்டை கொடுத்தால் வேண்டாம் என்று சொல், மேஸ்திரி திட்டினாலும் பரவாயில்லை. பேட்டரிப் பெட்டியில் அபாய ஸ்டிக்கர் இல்லாவிட்டால் தொடாதே. அடிக்கடி பெயர் மாறுகிற விமானத்தை ஏற்றுகிற கம்பெனியா என்று, அங்கே ஏற்கெனவே இருக்கிற ஆளிடம் விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

பையன் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டான். அவன் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, சம்பளம் மாசா மாசம் ஒழுங்கா வருமா?" என்றாள்.

"அதையும் அந்த ஆள்கிட்டயே கேக்கச் சொல்லுங்கக்கா" என்றான் தம்பி.